ஓமா என்று முடிந்தால்

அந்தக் கட்டடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அகராதி என்றால்தான் தெரியும். முதலில் அது திட்டுவதற்கு வைத்த பெயர். தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் நாலாவது மாடிக்காரி, "சரியான அகராதி பிடிச்சவ" என்று எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள், ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு ஒரு வீட்டில் ஒருவருக்குக் கால் வீங்கியது, இன்னொரு வீட்டில் ஒருவருக்கு வயிறு வலித்தது, ஆஸ்பத்திரிக் கவரும் கையுமாக அவள் கதவைத் தட்டும்படி ஆயிற்று. திட்டு மெல்ல மரியாதையாக மாறிவிட்டது. அந்த நாலாவது மாடிக்காரியே ஒரு நாள் மாமியாரின் ரிப்போர்ட்டை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, "அகராதி, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று குழைந்தாள். அவள் குழைவது எவ்வளவு அபூர்வம் என்பது கட்டடத்துக்கே தெரியும்.

அகராதி டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஒரு ஸ்கேன் சென்டரில் கவர் போடுகிறவள். உள்ளே படம் எடுப்பார்கள். அதைப் பார்த்து ஒரு டாக்டர் சொல்லச் சொல்ல ஒரு பெண் டைப் அடிப்பாள். அச்சாகி வரும் தாளையும் படத்தையும் சேர்த்துக் கவருக்குள் போட்டு, வாயை ஒட்டி, முத்திரை குத்தி, பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியது அகராதி. தாளைப் படிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். சட்டம் போட்டவருக்குக் கண் மூடிக்கொண்டு கவர் போட வருமோ என்னவோ, அகராதிக்கு வராது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரே ஒரு கேள்வியில்தான் முழு மதிப்பெண் விழும். பிரித்து எழுதுக. கணக்கில் கோட்டை விடுவாள், வரலாற்றில் ராஜாக்களை இடம் மாற்றி உட்கார வைப்பாள். ஆனால் எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்; நகத்தால் கீறியது போல இரண்டாக எடுத்து வைப்பாள். பள்ளியோடு அந்தக் கேள்விக்கு வேலை போய்விட்டது என்று நினைத்திருந்தவளுக்கு ஸ்கேன் சென்டர் தாள்களைப் பார்த்ததும் பழைய தெம்பு வந்துவிட்டது. அதில் இருப்பவை எல்லாம் வாயில் நுழையாத சொற்கள்தான். ஆனால் எல்லாமே துண்டு துண்டாக ஒட்டுப் போட்டவை. அதே துண்டுகள்தான் இடம் மாறி இடம் மாறி வந்துகொண்டிருந்தன.

அர்த்தத்துக்கு அவள் எந்தப் புத்தகத்தையும் தேடிப் போகவில்லை. கவரை வாங்கியவர்கள் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்குள் கிழித்துப் பார்ப்பார்களே, அந்த முகங்கள்தான் அவளுக்குப் புத்தகம். 'ஐடிஸ்' என்று முடிந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மருந்துக் கடை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். ஆகவே அது வீக்கம், புண், தீரக்கூடியது. நடுவில் 'லித்' வந்தால் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருப்பார், ஆகவே கல். 'மெகலி' என்றால் உள்ளே ஏதோ ஒன்று பெருத்துக் கிடக்கிறது. 'ஓமா' என்று முடிந்தால் மட்டும், படித்து முடித்தவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். கூட வந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பார். அகராதி பாட்டிலை நீட்டுவாள். நீட்டிக்கொண்டே மனதில் எழுதிக்கொள்வாள்: ஓமா, புற்று.

பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. போனில் தட்டிப் பார்த்தால் தெரியாதா என்று யாராவது கேட்டால், "போன் பத்து விதமாச் சொல்லும், அகராதி ஒண்ணுதான் சொல்லுவா" என்று வாட்ச்மேனே பதில் சொல்லும் அளவுக்கு வந்திருந்தது அவள் புகழ்.

அவள் வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் டெய்லர் இருந்தாள். அகராதியைவிட மூத்தவள், ஆகவே அக்கா. கட்டினவன் போய் வெகு காலம் ஆகிறது, பிள்ளையில்லை, உறவு என்று கதவைத் தட்ட ஒரு ஆள் கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. அறையைவிடத் துணி வெட்டும் மேஜை பெரிசோ என்று சந்தேகம் வரும். யார் போனாலும் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில்தான் நகர வேண்டும். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அகராதி நேராக மாடிக்குப் போய், ஒரு துணிப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். டீ வரும். அன்றைக்கு வந்த கவர்கள், அழுதவர்கள், அழாதவர்கள், புதிதாகக் கிடைத்த துண்டுகள் எல்லாவற்றையும் டெய்லர் பட்டன் தைத்துக்கொண்டே கேட்பாள். அகராதியின் புருஷன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பகலெல்லாம் "பிரேக், பிரேக்" என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் பேச்சை ஆணியில் மாட்டிவிடுகிற ஆள். அதனால் அவளுக்கு வாய் திறக்க இருந்த ஒரே இடம் அந்தத் துணிப் பொட்டலம்தான்.

இந்தச் சமயத்தில்தான் நடுவில் லிப்ட்காரர் வந்து சேர்ந்தார்.

அந்தக் கட்டடத்து லிப்டுக்கு நினைத்தால் நிற்கிற வழக்கம் உண்டு. ஒரு தடவை டெய்லர் கை நிறையத் தைத்த துணியோடு உள்ளே இருக்கும்போது இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, விளக்கும் போய்விட்டது. கம்பெனியிலிருந்து வந்தவர் மேலே மோட்டார் அறையில் இருந்துகொண்டு, அவள் பயப்படக் கூடாது என்று பேச்சுக் கொடுத்தாராம். "உள்ள என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்க, இவள், "காஜா எடுக்கறேன், இருட்டா இருக்கறதுதான் கஷ்டம்" என்று சொன்னாளாம். வெளியே வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கட்டடம் குறித்துக்கொண்டது. அதன் பிறகு லிப்ட் கெடாவிட்டாலும் லிப்ட்காரர் வந்தார். மனைவியை இழந்தவர், வயதும் பொருத்தம்தான். பேன்ட்டைச் சுருக்க வந்தார், பையின் ஜிப்பை மாற்ற வந்தார், கடைசியில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமலும் வந்தார். நாலாவது மாடிக்காரி, "லிப்டுக்கு இவ்வளவு எண்ணெய் போட்டா வழுக்காதா" என்று ஜாடை பேசினாள்.

அகராதி சிரித்தாள், கேலி செய்தாள், அக்காவுக்காகச் சந்தோஷப்பட்டாள். எல்லாம் நிஜம்தான். ஆனால் லிப்ட்காரரின் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. கல்யாணம் ஆனால் டெய்லர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் போட்டுக்கொள்ள என்று ஒரு சட்டைத் துணியை டெய்லர் எடுத்து வைத்திருந்தாள். இளநீலம், மெல்லிய கோடு. அதை வெட்டிய அன்று அகராதிக்கு டீ கசந்தது. சர்க்கரை குறைச்சலா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

டெய்லரின் தொடையில் ஒரு கட்டி தெரிந்தது அப்போதுதான். வலி அதிகம் இல்லை, ஆனால் கையில் தட்டுப்பட்டது. தெருமுனை டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை அகராதியின் சென்டரிலேயே எடுத்தார்கள். தெருமுனை டாக்டர் வெளியூர் போய்த் திங்கட்கிழமைதான் வருவார். டெய்லரை எதற்கு இன்னொரு நடை அலைய விட வேண்டும் என்று கவரை அகராதியே சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டைப் அடித்த தாள் வந்தபோது கவுன்ட்டரில் கூட்டம். ஒன்றையும் பார்க்காமல் போட்டு ஒட்டியிருந்தாள்.

"பிரி" என்றாள் டெய்லர். கையில் இளநீலச் சட்டையின் காலர் இருந்தது.

"டாக்டர்தான்கா பிரிக்கணும். ஒட்டியிருக்கு பாருங்க."

"ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்ப பிரிக்கறதுக்கு மட்டும் வேற ஆளு வரணுமா? பிரிடி."

அகராதி பிரித்தாள். டெய்லர் காலரைத் திருப்பி ஊசியால் முனையைக் குத்தி எடுத்துக்கொண்டே கேட்டாள். "என்ன, ஐடிஸா?"

"இல்லக்கா."

"லித்தா? தொடையில கல்லு வருமா என்ன?"

"இல்ல."

"அப்புறம் ஏன் பேய் முழி முழிக்கற?"

தாளில் இருந்த சொல் ஹீமடோமா. அகராதி இதுவரை பார்க்காத சொல். ஆனால் பார்த்த மாத்திரத்தில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 'ஹீமோ' அவளுக்குப் பழைய சிநேகிதம். ஹீமோகுளோபின் குறைந்து உதடு வெளுத்து வருகிறவர்கள் எத்தனை பேர். ரத்தம். அடுத்த துண்டு ஓமா. இரண்டையும் சேர்த்தால் ரத்தப் புற்று. ஒரு நொடி, இன்னும் பயம் முழுசாக வந்து சேர்வதற்கு முன்னால், வேறு ஒரு நினைப்பு குறுக்கே ஓடிவிட்டுப் போயிற்று. அப்ப இவ எங்கயும் போக மாட்டா. அவ்வளவுதான். வந்த சுவடே தெரியவில்லை.

"அக்கா, திங்கட்கிழமை டாக்டர்கிட்டயே கேட்டுக்கலாமே."

"நாலாவது மாடிக்காரிக்குச் சொன்ன. வாட்ச்மேனுக்குச் சொன்ன. எனக்குச் சொல்றதுக்கு வாயில கொழுக்கட்டையா?"

"ஹீமோன்னா ரத்தம்கா."

"சரி."

"அதுக்கப்புறம்..."

டெய்லர் எட்டி அவள் கையிலிருந்து தாளை வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கடைசித் துண்டை மெதுவாக, மெஷினில் நூல் கோர்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் படித்தாள். இத்தனை வருஷம் டீயோடு டீயாகக் கேட்டதுதானே. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாளை வைத்துவிட்டு உட்கார இடம் தேடினாள். நாற்காலி நிறையத் துணி. கடைசியில் மேஜையின் முனையிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

அகராதி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பழக்கம்.

"கீழ என்னமோ இன்னும் ஒரு வரி இருக்கே" என்றாள் டெய்லர், தம்ளரை வைத்துவிட்டு. "அது என்ன?"

தாளின் கடைசியில் 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்று இருந்தது. சில தாள்களில் அது வரும், சிலவற்றில் வராது. அந்த வரி இருந்த கவரை வாங்கிப் போனவர்கள் மறுநாள் தம்பியோடு, மகளோடு, மாமனோடு திரும்பி வந்ததை அகராதி பார்த்திருக்கிறாள். தனியாக வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அழாதவர்கள் முகத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? கிளினிக், ரிலேஷன் என்று அதையும் எப்போதோ பிரித்து வைத்திருந்தாள்.

"சொந்தக்காரங்க யாரையாவது கூட்டிட்டு வரச் சொல்லுதுக்கா."

டெய்லர் சிரித்தாள். "சொந்தக்காரங்களா? யாரைப் போய்க் கூப்பிடறது?" கேட்டுவிட்டு அவளே காலரைப் பார்த்தாள். "இருக்கற ஒரே ஆளு இவருதான். பாவம், ஏற்கெனவே ஒருத்திக்குப் பால் ஊத்திட்டு வந்திருக்காரு. கல்யாணம்னு கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார வெக்கவா?"

"அவருகிட்டச் சொல்லுவோம்கா."

"சொன்னா போக மாட்டாரு. எனக்குத் தெரியும். நீ யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

அகராதி சத்தியம் பண்ணினாள். சென்டரில் யார் கவரில் என்ன இருக்கிறது என்று எல்லா மாடிக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள், வாழ்நாளில் ஒரே ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தாள். அதுவும் போயும் போயும் இந்த ரகசியத்தை.

மறுநாள் சென்டரில் ஒரு வாய்ப்பு வந்தது. தாளைச் சொல்லி எழுதவைத்த அதே டாக்டர் டீ குடிக்கக் கவுன்ட்டர் பக்கம் வந்து நின்றார். "என்னம்மா, முகமே சரியில்ல?"

கேட்டிருக்கலாம். சார், ஹீமடோமான்னா என்ன சார்? ஒரு வாய் டீக்குள் பதில் வந்திருக்கும். ஆனால் கேட்டால், எந்தக் கவரைப் பிரித்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதுகூடப் பரவாயில்லை, வேலைதானே போகும். அதைவிட, தனக்கு ஒரு சொல் தெரியவில்லை என்று இன்னொருவரிடம் போய் நிற்க அகராதிக்கு நாக்கு எழவில்லை. ஊருக்கே அர்த்தம் சொல்கிறவள் அல்லவா.

"தலைவலி சார்."

"தண்ணி நிறையக் குடி" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை லிப்ட்காரர் வருவதாக ஏற்பாடு. பதிவு அலுவலகத்துக்கு நாள் குறிக்க வேண்டும். படிக்கட்டில்தான் வந்தார், அவர் அந்த லிப்டில் ஏறுவதில்லை, அதன் குணம் அவருக்குத் தெரியும். புதிதாகச் சவரம் செய்த முகம், சோப்பு வாசனை. அகராதி தன் வீட்டுக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மற்ற நாளாக இருந்தால் அதை வம்பு என்று சொல்லலாம்.

மேலே முதலில் பேச்சு கேட்கவில்லை. பிறகு டெய்லரின் குரல், வாடிக்கையாளரிடம் கறாராகப் பேசுகிற குரல். "வேணாம்னா வேணாம்தான். இதுல என்ன காரணம்?"

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே பேசிட்டு இருந்தீங்க. நான் ஏதாவது தப்பா..."

"பொழுது போகல, பேசினேன். அதுக்குக் கல்யாணமா? உங்க கையைப் பாருங்க. எத்தனை சோப்பு போட்டாலும் கிரீஸ் நாத்தம் போகல. நான் வெள்ளைத் துணி தைக்கறவ. இந்தக் கையோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

அகராதி கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றாள். படியேறிப் போய், அண்ணா, அது பொய், அவங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல ஒரு மாடி தூரம்தான். சத்தியம் குறுக்கே நின்றது. சத்தியம்தானா என்பதைப் பிற்பாடு அவள் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். படியிறங்கி வந்தவர் அவள் வாசலைத் தாண்டும்போது, உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு தடவை மூக்கருகேகூடக் கொண்டுபோனார்.

திங்கட்கிழமை தெருமுனை டாக்டரிடம் டெய்லரின் சொந்தக்காரியாகக் கூடப் போனவள் அகராதி. டாக்டர் தாளைப் பார்த்தார், தொடையை அழுத்தினார், மறுபடி தாளைப் பார்த்தார். "எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களாம்மா?"

டெய்லர் யோசித்தாள். "கரண்டு போன அன்னிக்கு மேஜை முனையில இடிச்சுக்கிட்டேன். அது ஆச்சே கொஞ்ச நாளு."

"அதான். உள்ள ரத்தம் கட்டியிருக்கு. தானாக் கரைஞ்சிடும். வெந்நீர் ஒத்தடம் குடுங்க."

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியில் கை வைத்துவிட்டு, "என்ன?" என்றார்.

"ஓமான்னு போட்டிருக்கே டாக்டர்" என்றாள் அகராதி.

"ஆமா. ஓமான்னா திரண்டு நிக்கறதுன்னு வெச்சுக்குங்க. கொழுப்பு திரண்டாலும் ஓமாதான், ரத்தம் திரண்டாலும் ஓமாதான். சிலது புத்து, சிலது ஒண்ணுமில்ல."

"சொந்தக்காரங்களை அழைச்சிட்டு வரணும்னு..."

டாக்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "படத்தையும் ஆளையும் சேத்து வெச்சுப் பாத்து முடிவு பண்ணுங்கன்னு எனக்கு எழுதியிருக்காங்கம்மா. சொந்தமெல்லாம் வேணாம்."

வெளியே வந்ததும் டெய்லர் மருந்துக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "மேஜை முனைடி. போயும் போயும் மேஜை முனை." அப்புறம் சிரிப்பு நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"நான் போய்ச் சொல்றேன்கா" என்றாள் அகராதி. "எல்லாம் என்னால வந்தது. நானே போய்ச் சொல்லிடறேன்."

கம்பெனியில் விசாரித்து, அவர் வேலை செய்துகொண்டிருந்த வேறொரு கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். தரைத்தளத்து லிப்ட் கதவு திறந்திருந்தது. பெட்டி மேலே நிறுத்தப்பட்டிருந்தது. கீழே பள்ளத்துக்குள் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு அவர் உட்கார்ந்து சக்கரம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் உறை போட்டிருந்தார். அவர் உறை போட்டு அவள் பார்த்ததில்லை.

"அண்ணா."

நிமிர்ந்து பார்த்தார். "வா தங்கச்சி. உங்க லிப்ட் திரும்ப நின்னுடுச்சா? இனி வேற ஆளு வருவாரு, நான் அந்தப் பக்கத்த மாத்திக் குடுத்துட்டேன்."

அகராதி வாசல் விளிம்பில் குந்தினாள். கவர், தாள், ஹீமோ, ஓமா, மேஜை முனை எல்லாவற்றையும் கொட்டினாள். கிரீஸ் பற்றிச் சொன்னதெல்லாம் அவரைத் துரத்துவதற்குச் சொன்னது, அக்கா அதைச் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க அழுதாள், தப்பு முழுக்கத் தன்னுடையது, தனக்குத் தெரியாத சொல்லைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு நொடி நினைப்பு.

அவர் கேட்டு முடித்தார். முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதி. "அப்ப உடம்புக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லண்ணா. ஒத்தடம் குடுத்தாப் போதுமாம்."

"நல்லது. ரொம்ப நல்லது." அவர் மறுபடி சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். அகராதி காத்திருந்தாள். எழுந்து வருவார், உறையைக் கழற்றுவார் என்று காத்திருந்தாள்.

"என் வீட்டுக்காரி போனது உனக்குத் தெரியுமில்ல" என்றார். "எப்படிப் போனான்னு தெரியாது. ஒரு வருஷம் நோவு. எனக்குச் சொல்லவே இல்ல. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னு அவளே முடிவு பண்ணிட்டா. அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவா. நான் டிபன் டப்பாவத் தூக்கிட்டு வேலைக்குப் போயிட்டிருந்தேன். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. கடைசி வாரம்தான் தெரிஞ்சுது. ஒரு டம்ளர் தண்ணிகூட நான் எடுத்துக் குடுத்ததில்ல தங்கச்சி."

அவர் துணியைத் திருப்பிப் பிடித்துச் சக்கரத்தின் மறுபக்கத்தைத் துடைத்தார்.

"அவங்களும் அதையேதான் பண்ணியிருக்காங்க."

"உங்க நல்லதுக்குத்தானேண்ணா."

"அவளும் அப்படித்தான் சொன்னா."

"இப்ப நோயே இல்லையே. எல்லாம் என் முட்டாள்தனம்."

"நீ ஒரு வார்த்தைய தப்பாச் சொன்ன. யாருதான் சொல்லல? கதவைச் சாத்தினது அவங்க. நாளைக்கு நிஜமாவே ஒண்ணு வந்தா என்ன பண்ணுவாங்க? என்கிட்டச் சொல்லுவாங்கன்னு நீ சொல்ல முடியுமா?"

முடியும் என்று சொல்ல அகராதி வாயைத் திறந்தாள். டெய்லரை அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

"கையச் சொன்னதுக்கு எனக்குக் கோபமில்ல. நாத்தம் அடிக்கத்தான் செய்யுது" என்றார். "உடம்பப் பாத்துக்கச் சொல்லு."

திரும்பி வந்து அகராதி சொன்னதை டெய்லர் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். "அவ நோவை மறைச்சாளா? அத அவரு எனக்குச் சொல்லவே இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு தடவை போனும் பண்ணினாளாம். அவர் எடுத்து, மரியாதையாக, கட்டி கரைஞ்சிடுச்சா என்று விசாரித்தாராம். அவ்வளவுதான்.

கட்டி கரைந்துவிட்டது. டெய்லர் எங்கேயும் போகவில்லை. சாயங்காலம் டீ வருகிறது, அகராதி துணிப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு உட்காருகிறாள். அவள் கேட்காமலே கேட்ட வரம் அப்படியே கிடைத்திருக்கிறது. டெய்லர் ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் போதும். ஒரு நாள் தாங்க முடியாமல், "என்னைத் திட்டிடுங்கக்கா" என்றே கேட்டுவிட்டாள்.

"எதுக்கு? நீ படிச்சதைச் சொன்ன" என்றாள் டெய்லர். "நான் கேட்டேன், நீ சொன்ன. டீ ஆறுது பாரு."

சென்டரில் இப்போது அவள் தாளைக் கவிழ்த்தே எடுக்கிறாள். யாராவது கவுன்ட்டரில் நின்று, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டால், "டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்கிறாள், முகத்தைப் பார்க்காமல் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறாள். நாலாவது மாடிக்காரி மறுபடி ஒரு கவரோடு வந்து திரும்பிப் போனாள். "வேலை ஆகணும்னா ஒரு பேச்சு, ஆனப்புறம் ஒரு பேச்சு. அன்னிக்கே சொன்னேன், அகராதி பிடிச்சவன்னு" என்று படிக்கட்டெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். பெயர் பழைய அர்த்தத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

இளநீலச் சட்டை வெகு நாள் ஹேங்கரில் தொங்கியது. பட்டன்கூடத் தைத்து முடித்திருந்தது. ஒரு சாயங்காலம் டெய்லர் அதை இறக்கி, மேஜையில் விரித்து, சாக்கட்டியால் இரண்டு பக்கமும் கோடு போட்டாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"துணி வீணாகுது. உன் வீட்டுக்காரர் ஒல்லி. பக்கத்தப் பிடிச்சு, கையக் கொஞ்சம் ஏத்திட்டா ஆச்சு."

"வேணாம்கா."

"ஏன், நான் தைச்சா போட மாட்டாரா?"

மாஸ்டர் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டது மட்டுமில்லை, அவருக்கு அந்தச் சட்டையை அவ்வளவு பிடித்துவிட்டது. வீட்டில் வாய் திறக்காத மனிதர் கண்ணாடி முன் நின்று, "உங்க அக்கா கையே தனி. தோள்தான் கொஞ்சம் லூசு" என்றார். தோளைத் தொட்டால் சட்டையே கெட்டுப்போகும் என்று டெய்லர் அதை மட்டும் குறைக்காமல் விட்டிருந்தாள். அதனால் வாரம் தவறாமல் அந்தச் சட்டை துவைக்க வருகிறது. தேய்க்கும்போது பக்கமும் கையும் சட்டென்று முடிந்துவிடும். தோளுக்கு வரும்போதுதான் இஸ்திரிப் பெட்டி, தன் புருஷனுக்குத் தேவையில்லாத அந்த அகலம் முழுக்கப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கிறது.